இழக்க ஒன்றுமில்லையா?

(குன்னூரில் பொதுமக்களும் மருத்துவத் துறையினரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாகப்போகும் பச்சிளங்குழந்தைக்கு, இன்னும் நிரூபிக்கப்படாத மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமா? இதுதான் இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு. இதைப் பேசக் குன்னூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சிம்ஸ் பூங்காப் பக்கம் நடந்தால் பாஸ்டியர் இன்ஸ்டிட்யூட் வந்துவிடும். அந்தப் பெயரைக் கேட்டாலே இங்கிருக்கும் வயதானவர்களுக்கு வயிறு கூசும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றிருந்த காலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2004 டிசம்பரில்தான் அடியோடு கைவிட்டது.

1902இல் ஓர் ஆங்கிலக் குடும்பத்துப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனதும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் கர்சன் பிரபு வழியாகக் கொடுத்த பணமும் சேர்ந்து, 1907 ஏப்ரல் 6ஆம் தேதி இந்த நிறுவனம் திறக்கப்பட்டது. தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நாய்க்கடி பட்டவர்கள் மலையேறி இங்கே வந்தார்கள். அத்தனைக்கும் வேர் எங்கே என்று தேடினால், பாரிஸில் ஒரு குழந்தையின் உடம்பில் செய்த ஒரு சோதனையில் போய் நிற்போம்.

1885 ஜூலை 6. அல்சேஸ் பகுதியிலிருந்து ஒரு தாய், ஒன்பது வயது மகன் ஜோசப் மைஸ்டரைக் கூட்டிக்கொண்டு லூயி பாஸ்டியர் முன்னால் வந்து நின்றாள். இரண்டு நாளுக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களில் குதறியிருந்தது. பாஸ்டியர் மருத்துவர் அல்ல, வேதியியல் அறிஞர். அவர் ஊசி போடக் கூடாது. கிரான்ஷே என்ற மருத்துவர்தான் போட்டார். அடுத்தடுத்த நாட்களில் மொத்தம் பதின்மூன்று ஊசி. பையன் பிழைத்தான். இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது.

பாடத்தில் இல்லாததைச் சொல்கிறேன். பாஸ்டியரோடு கூடவே உழைத்த எமில் ரூ, இதை மனிதனுக்குப் போடும் காலம் இன்னும் வரவில்லை என்று விலகி நின்றார். பின்னாளில் ஜெரால்ட் கைசன் என்ற வரலாற்றாசிரியர் பாஸ்டியரின் சோதனைக் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து 1995இல் ஒரு நூல் எழுதினார். மைஸ்டருக்குப் போட்ட அதே முறையை நாய்களிடம் பாஸ்டியர் சோதித்து முடித்திருக்கவில்லை என்பது அதில் வெளிவந்தது. மைஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால், நோய் முற்றிய ஒரு பதினொரு வயதுப் பெண்ணுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். மறுநாளே அவள் இறந்துவிட்டாள். அதை பாஸ்டியர் வெளியில் சொல்லவேயில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. ஆகவே மைஸ்டர் செத்தேதான் போவான் என்பது அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்லத்தியே என்ற பத்து வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலையில் கடி. கடித்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. காலம் கடந்துவிட்டது, இனி மருந்து பிடிக்காது என்று பாஸ்டியருக்குத் தெரியும். அவள் இறந்தால் தன் மருந்துக்கே கெட்ட பெயர் வரும் என்பதும் தெரியும். பெற்றோர் கெஞ்சினார்கள், அவரால் மறுக்க முடியவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அவள் இறந்தாள்.

மைஸ்டரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இந்த இரண்டு பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சோதனை மருத்துவம் என்று பேச ஆரம்பித்தால் மூன்று பேரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். எஸ்.எம்.ஏ. என்ற பெயரைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். முதுகுத்தண்டில் இருந்துகொண்டு தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒரு மரபணுக் குறையால் செத்துக்கொண்டே வரும் நோய். ஏறத்தாழ பத்தாயிரம் பிறப்பில் ஒன்று. அதில் கடுமையான முதல் வகை வந்த குழந்தைக்குத் தலை நிற்காது, அழுகை மெலிந்திருக்கும், பால் புரையேறும், மூச்சை வயிற்றால் இழுக்கும். கண் மட்டும் பளிச்சென்று இருக்கும். அம்மாவைப் பார்த்து நன்றாகச் சிரிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாது.

இப்படிப்பட்ட குழந்தையின் தகப்பன் என்ன சொல்வான்? இந்த மலையில் நான் கேட்ட பேச்சிலேயே சொல்கிறேன்: "என்னத்த சார் இழக்கப் போறோம்? டாக்டருங்க எல்லாம் கைய விரிச்சிட்டாங்க. ஒரு தடவ போட்டுத்தான் பாப்போமே." நியாயமான பேச்சுதான். ஆனால் உண்மையா? இழக்க ஒன்றுமே இல்லையா?

2014இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு ஒரு மரபணு மருந்தைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தீங்கில்லாத ஒரு வைரஸுக்குள் சரியான மரபணுவை வைத்து, ரத்தத்தில் ஒரே ஒரு முறை ஏற்றுவது. மொத்தம் பதினைந்து குழந்தைகள். எந்த அளவு சரி என்று யாருக்கும் தெரியாததால் முதல் மூன்று குழந்தைகளுக்குக் குறைந்த அளவு; அது பாதுகாப்பானது என்று கண்ட பிறகு மீதிப் பன்னிரண்டு பேருக்கு அதிக அளவு. 2017 நவம்பரில் முடிவு வெளிவந்தது. இருபது மாத வயதில் பதினைந்து பேரும் உயிரோடு இருந்தார்கள். நிரந்தரமாகச் செயற்கை சுவாசத்தில் யாரும் இல்லை. அதிக அளவு பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் நடந்தார்கள். இந்த நோயை அறிந்தவர்களுக்கு அது நம்ப முடியாத செய்தி.

குறைந்த அளவு பெற்ற மூன்று குழந்தைகள்? உயிர் நின்றது. ஆனால் அவர்களில் ஒருவரும் தானாக உட்காரவில்லை. சரி, இப்போது அளவு தெரிந்துவிட்டதே, இன்னொரு முறை ஏற்றிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முடியாது. ஒரு முறை அந்த வைரஸைக் கண்ட உடம்பு அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது; இரண்டாவது முறை ஏற்றினால் உடம்பே அதைத் தாக்கும். அந்த மூன்று குழந்தைகளுக்கு அந்த மருந்தின் வாசல் அடைபட்டுவிட்டது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதே வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. நெறிமுறைக் குழு ஒப்புதல் இருந்தது, பெற்றோர் சம்மதம் இருந்தது, முடிவு முழுதாக அச்சானது. யாராவது முதலில் போகத்தான் வேண்டும். அந்த மூவர் இல்லாமல் மற்றவர்கள் இல்லை. ஆனாலும் இழக்க ஒன்றுமில்லை என்று இனி நம்மால் சொல்ல முடியுமா? சோதனைக்குள் முன்னதாகப் போகும் குழந்தை, பின்னால் வரக்கூடிய நல்ல மருந்தையே இழக்கலாம். இதை அந்தத் தகப்பனிடம், அவன் பேசும் மொழியில், உட்கார்ந்து சொன்ன பிறகு அவன் கொடுப்பதுதான் சம்மதம். அவசரத்தில் ஆங்கிலப் படிவத்தில் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த மருந்துக்கு 2019 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. விலை இருபத்தொரு லட்சம் டாலருக்கும் மேல். நம் ஊர்ப் பேச்சில் பதினாறு கோடி ரூபாய் ஊசி. சில மாதங்களிலேயே இன்னொரு செய்தி வந்தது: விலங்குகளிடம் செய்த சோதனைகளின் சில தரவுகள் திரிக்கப்பட்டிருந்தன, அனுமதி கிடைக்கும் முன்பே அது மருந்தைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தெரியும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது. மருந்து வேலை செய்கிறது என்ற முடிவு அதனால் மாறவில்லை. ஆனால் நம்பிக்கையை விலைக்கு விற்பவர் கணக்கிலும் நேர்மையாக இருக்க வேண்டாமா?

பிறகு குலுக்கல். அனுமதி இல்லாத நாடுகளின் குழந்தைகளுக்கு 2020இல் நூறு ஊசி வரை இலவசம்; யாருக்கு என்பதைக் குலுக்கிப்போட்டு எடுப்போம் என்றது நிறுவனம். குழந்தையின் உயிருக்குச் சீட்டா என்று உலகமே திட்டியது. நானும் திட்டினேன். யோசித்துப் பார்த்தால், சமூக ஊடகத்தில் முகம் காட்டி நிதி திரட்டுவதைவிடக் குலுக்கல் ஒரு விதத்தில் நேர்மையானது. குலுக்கலில் குழந்தை அழகாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. நடிகர் யாரும் காணொளி போட வேண்டியதில்லை.

2021இல் மும்பையிலும் நம் மேற்கு மாவட்டம் ஒன்றிலும் இப்படி மக்கள் பணம் திரட்டிக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். ஒன்றிய அரசு சுங்கவரியைத் தள்ளுபடி செய்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவலாஞ்சிப் பக்கமோ தேவாலாப் பக்கமோ எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் ஒரு குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. என்று கண்டுபிடிக்கவே மலை இறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். எத்தனை குழந்தைகள் "சளி நெஞ்சில் கட்டிப் போச்சு" என்ற பேரில் போய்ச் சேர்ந்தன என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

விலை என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. அதே நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்து இந்தியாவில் ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. ரோஷ் நிறுவனத்தின் காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததும், ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஆறு லட்சத்தில் மருந்து எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

லண்டன் வழக்கு ஒன்றைச் சொல்லாமல் இந்தத் தலைப்பைக் கடக்க முடியாது. சார்லி கார்ட். 2016 ஆகஸ்டில் பிறந்த குழந்தை. உடம்பின் அணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா குன்றிப்போகும் அரிய நோய். அமெரிக்காவில் ஒரு நிபுணர் ஒரு சோதனைச் சிகிச்சை இருக்கிறது என்றார். சார்லியின் நோய்வகைக்கு அதை மனிதரிடம் மட்டுமல்ல, எலியிடம்கூடக் கொடுத்துப் பார்த்ததில்லை. பெற்றோர் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிவிட்டார்கள். கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை முதலில் தானே அந்தச் சிகிச்சையை யோசித்தது; வலிப்பு வந்து மூளை கெட்ட பிறகு, இனி குழந்தைக்கு வேதனைதான் மிச்சம் என்று சொல்லிவிட்டது. வழக்கு நான்கு நீதிமன்றங்கள் ஏறியது. எல்லா இடத்திலும் பெற்றோர் தோற்றார்கள். அந்த நிபுணர் குழந்தையை நேரில் வந்து பார்த்தது 2017 ஜூலையில்தான். அதற்குள் தசைகள் மீள முடியாத நிலைக்குப் போயிருந்தன. ஜூலை 28ஆம் தேதி சார்லி இறந்தான்.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். தீர்ப்பு சரி என்பதுதான் என் எண்ணம். குழந்தை தன் பெற்றோரின் சொத்து அல்ல, தனி உயிர். அதன் வலிக்கு யாராவது வக்கீலாக நிற்க வேண்டும். பெற்றோரின் அன்புக்குக் குறைவில்லை, ஆனால் அன்பு வலியை அளக்காது. அதே சமயம், குழந்தையைப் பார்க்காமலே அந்த நிபுணர் கடலுக்கு அப்பாலிருந்து ஏழு மாதம் நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. முடியும் என்றால் ஜனவரியிலேயே விமானம் ஏறி வந்து பார்த்திருக்க வேண்டும்.

அங்கே நீதிபதி முடிவு செய்தார். இங்கே அந்த நாற்காலியில் பணம் உட்கார்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை எப்போது வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதை எந்த மருத்துவ நெறியும் தீர்மானிப்பதில்லை. கையிருப்பு தீர்ந்த நாள் தீர்மானிக்கிறது. "சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தை மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸில் மூச்சு முட்டிக்கொண்டு வருகிறது. அப்போது அதன் வலிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. மார்ஃபின் சரியான அளவில் பச்சிளங்குழந்தைக்கும் கொடுக்கலாம். அதைக் கிடைக்கச் செய்ய 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது முதியவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம். சோதனை என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அதைத்தான் சொல்கிறது: ஆய்வுக்கான செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள் இன்னும் ஒரு படி போய், சோதனையால் தீங்கு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. ஸ்டெம் செல் விஷயத்தில் தடை இன்னும் கறார்: சில ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற எதற்கும் அதைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. இருந்தும் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் தசைநோய் வந்த குழந்தைக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று பேக்கேஜ் போட்டு விற்றவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். பத்து சென்ட் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டு அங்கே போகிற தகப்பனுக்கு யார் சொல்வது, அப்பா, இது சோதனை என்றால் உன்னிடம் காசு கேட்கக் கூடாது, சிகிச்சை என்றால் நிரூபித்த சான்று காட்ட வேண்டும் என்று? காசும் கேட்டு, சான்றும் இல்லை என்றால் அது கொள்ளை.

சோதனையே கூடாது என்பதல்ல என் கட்சி. 2025 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஆறு மாதக் குழந்தை ஒன்றுக்கு, உலகில் அந்த ஒரு குழந்தையின் மரபணுப் பிழைக்கென்றே மருந்து தயாரித்துக் கொடுத்தார்கள். எலியிடமும் குரங்கிடமும் பார்த்து, அரசின் அனுமதியை ஒரே வாரத்தில் வாங்கி, நடந்ததை மே மாதமே மருத்துவ இதழில் எழுதினார்கள். அவசரமாகச் செய்வதும் நேர்மையாகச் செய்வதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. நமக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி. ஹீமோஃபிலியாவுக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்து 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. அங்கே பங்கேற்றவர்கள் தங்களுக்காகத் தாங்களே முடிவெடுக்கக்கூடிய பெரியவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக நம் மலைக்கே உரிய ஒன்று. அரிவாளணு ரத்தசோகை, சிக்கிள் செல் என்றால் இங்கே கூடலூர்க்காரர்களுக்கு உடனே தெரியும். இந்தியாவில் இந்த நோயின் தடத்தை முதலில் கண்டது நீலகிரியில்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மலைப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்றைக்கு அவர்களுடைய கேள்வி இந்த மக்களின் பூர்வீகம் எது என்பது. பணியர் வீட்டுக் குழந்தை ஏன் மூட்டு வீங்கி இரவெல்லாம் அழுகிறது என்பதல்ல. ஆய்வு அச்சில் வந்தது. வைத்தியம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. கோத்தகிரியில் டாக்டர் நரசிம்மன் 1958இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் 1990இல் எழுந்த அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும்தான் அந்தக் கடனைக் கொஞ்சம் அடைத்தன.

இப்போது இந்த நோய்க்கும் மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மருந்தின் அமெரிக்க விலை அப்போது 22 லட்சம் டாலர். அன்றைய அனுமதி பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்குத்தான். நம் நாட்டு விஞ்ஞானிகளும் பிர்சா முண்டா பெயரில் ஒன்றை உருவாக்கி 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் 1986இல் முடிவு வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையை நினைவுபடுத்துகிறேன். அரிவாளணு நோய் உள்ள மூன்று வயதுக்குட்பட்ட இருநூற்றுச் சொச்சம் குழந்தைகள். பாதிப் பேருக்குத் தினமும் வாய்வழி பெனிசிலின். கொடிய நிமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பெனிசிலின் பெறாத பக்கத்தில் மூன்று குழந்தைகள் இறந்திருந்தன. இதற்கு மேல் சோதனையைத் தொடர்வது தவறு என்று எட்டு மாதம் முன்னதாகவே நிறுத்தி, எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். சில ரூபாய் மாத்திரை. அதைக் கொடுக்க வேண்டுமானால் குழந்தை பிறந்த உடனேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். 2023 ஜூலை 1இல் தொடங்கிய தேசிய இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகச் சொன்னது. இந்த மாவட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு ஆதிவாசிக் குழந்தைக்கும் அந்தச் சொட்டு ரத்தம் பிறந்த வாரத்திலேயே எடுக்கப்பட வேண்டும். இதைச் செய்யாமல் புதிய மரபணுச் சோதனைக்கு இந்த மக்களிடம் போய் ஆள் கேட்க எந்த விஞ்ஞானிக்கும் அருகதை இல்லை.

இங்கே வந்திருக்கும் செவிலியர்களுக்கும் அங்கன்வாடித் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் யாராவது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கீழே ஒரு ஆஸ்பத்திரியில புது மருந்து போடுறாங்களாம்" என்று சொன்னால் தடுக்காதீர்கள், தள்ளியும் விடாதீர்கள். மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மருந்துச் சோதனைகள் எல்லாம் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். அந்தப் பதிவு எண் என்ன? எங்களிடம் ஏதாவது பணம் கேட்கிறீர்களா? குழந்தைக்கு வலித்தால் என்ன கொடுப்பீர்கள்? எண்ணைச் சொல்ல மறுத்தால், பணம் கேட்டால், மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.